ஓவர்சியர் கட்டிய இஞ்சி வீடு

இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒக்கூர் போவதில்லை என்று நான் முடிவெடுத்தபோது என் வாய் நிறையப் பற்பொடி இருந்தது. அதனால் அந்தச் சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த அறிவிப்பு வீட்டில் யாருக்கும் புரியவில்லை. கொப்பளித்துத் துப்பினேன். கிணற்றடியிலிருந்து அடுப்படி வாசல்வரை நடந்து வந்தேன். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு இரண்டாம் தடவை சொன்னேன்.

"இந்த வருசம் ஒக்கூர் கிடையாது."

என் மனைவி ஞானபூரணி இட்லிப் பானையைத் திறந்தாள். ஆவி வந்தது. பதில் வரவில்லை.

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. சட்னியில உப்புப் போதுமான்னு பாத்துச் சொல்லுங்க."

"போதும். நான் சொன்னதுக்கு என்ன சொல்ற?"

"போதும்னுட்டீகள்ல. அப்புறம் என்ன சொல்ல?"

இப்படித்தான். நான் ஒரு கோட்டையைப் பிடிக்கப் போனால் அவள் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

ஒக்கூர் அவள் பிறந்த ஊர். அந்த ஊர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நல்ல தண்ணீர், நல்ல காற்று, நல்ல மாமியார். சிக்கல் மாமனாரிடம். என் மாமனார் வியாகுலம் அந்த ஊர்க் கோயிலின் உபதேசியார். கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் சாயங்காலம் கோயில் வாசலில் வருஷா வருஷம் நாடகம் போடுவார். நாடகத்தில் மூன்று ராஜாக்கள் வருவார்கள். ராஜாக்கள் வந்தால் ஒட்டகம் வரவேண்டும். ஒட்டகம் வந்தால் அதற்கு நாலு கால் வேண்டும்.

எனக்குக் கல்யாணமான முதல் வருஷம், "மாப்பிள்ளை, நாடகத்துக்குச் சும்மா ஒரு கை குடுங்க" என்றார். கை கொடுக்கலாம் என்றுதான் போனேன். கால் கொடுக்கும்படி ஆகிவிட்டது. ஒட்டகத்தின் பின்னங்கால்.

சரி, புதுசு, அனுபவம் போதாது என்று பொறுத்துக்கொண்டேன். பிறகு ஞானபூரணியின் தங்கைக்குக் கல்யாணமாகி மிக்கேல் என்று ஒரு சகலை வந்து சேர்ந்தார். நாச்சியாபுரத்தில் கம்பவுண்டர். புது மாப்பிள்ளை பின்னால் போவார், எனக்கு முன்னங்காலுக்குப் பிரமோஷன் என்று நினைத்தேன். மாமனார் எங்கள் இருவரையும் சேர்த்து நிறுத்தி உயரம் பார்த்தார்.

"மிக்கேல் நல்ல வளத்தி. கழுத்தத் தூக்கிப் பிடிக்க அவருதான் லாயக்கு."

அவ்வளவுதான். சர்வீஸ் பார்க்கவில்லை, சீனியாரிட்டி பார்க்கவில்லை. முன்னங்காலாக இருப்பவனுக்கு உலகம் தெரியும். பின்னங்காலாக இருப்பவனுக்கு முன்னங்காலின் முதுகு தெரியும். போதாததற்கு ஒட்டகத்தின் உடம்பு தைத்தது மிளகாய் வந்த சாக்கில். தும்முகிற ஒட்டகத்தை உலகத்திலேயே ஒக்கூரில் மட்டும்தான் பார்க்கலாம்.

போன வருஷம் முன்னங்கால் இடது பக்கம் திரும்பியது. பின்னங்காலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அது வலது பக்கம் திரும்பியது. சாக்கு நடுவில் கிழிந்தது. பாதிரியார், கன்னியாஸ்திரிகள், ஒக்கூர் ஜனம் மொத்தத்துக்கும் முன்னால் ஒட்டகத்தின் பின்பாதி முண்டா பனியனோடு நின்றது. கூட்டத்தில் ஒரு குழந்தைக் குரல் கேட்டது.

"அந்தா, எங்கப்பா."

என் கடைக்குட்டிதான்.

இப்போது சொல்லுங்கள், ஒரு மனிதன் எத்தனை வருஷம் பொறுப்பான்? ஒரு கண்ட்ராக்டரிடம் ஓவர்சியராக இருக்கிறேன். மேஸ்திரிக்கு மேலே, எஞ்சினியருக்குக் கீழே. காரைக்குடியில் செபஸ்தியான் என்றால் பத்துக் கொத்தனார்கள் எழுந்து நிற்பார்கள். ஒக்கூரில் செபஸ்தியான் என்றால் குனிந்து நிற்க வேண்டும்.

இட்லி சாப்பிட்டுக்கொண்டே ஞானபூரணி கேட்டாள்.

"போகலேங்குறது சரி. அத யாரு புள்ளைகள்ட்டச் சொல்றது?"

"நீதான் சொல்லணும்."

"தீர்மானம் உங்களது. நான் எதுக்குச் சொல்லணும்?"

அங்கேதான் எனக்கு ஒரு யோசனை உதித்தது. "ஓட்டெடுப்போம்" என்றேன். "நம்ம நாடு ஜனநாயக நாடு. வீட்டுல அஞ்சு பேரு இருக்கோம். பெரும்பான்மை என்ன சொல்லுதோ அதுக்குக் கட்டுப்படுவோம்."

"கட்டுப்படுவீகளா?"

"கட்டுப்படுவேன். நீ?"

"நான் எப்பத்தான் கட்டுப்படாம இருந்தேன்?" என்றாள் ஞானபூரணி. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

எனக்கு ஒரு ஓட்டு, அவளுக்கு ஒரு ஓட்டு. மூன்று பிள்ளைகளும் ஒக்கூர்க் கட்சி. அங்கே ஆட்டுக்குட்டி உண்டு, தாத்தா சட்டைப் பையில் கடலை மிட்டாய் உண்டு. அவர்களை என் பக்கம் இழுக்க வேண்டும். ஓட்டுக்கு லஞ்சம் கொடுப்பது குற்றம் என்று எனக்கும் தெரியும். ஆனால் பெற்ற பிள்ளைக்குத் தின்பண்டம் செய்து கொடுத்தால் அது லஞ்சமா, பாசமா? பாசம் என்று முடிவு செய்தேன்.

என்ன தின்பண்டம் என்பதைப் பினாங்கு காட்டிக் கொடுத்தது. அடுத்த தெருவில் உடையப்பன் என்று ஒருவர். பினாங்கில் கடை நிர்வாகம் பார்த்துவிட்டு லீவில் வந்திருந்தார். அவர் வீட்டு முற்றத்தில் தண்ணீர் கசிகிறது என்று பார்க்கப் போயிருந்தேன். காப்பி வந்தது. கூடவே சீமைப் பிஸ்கட் டப்பா ஒன்று வந்தது. மூடியில் ஒரு படம். சின்ன வீடு. பழுப்புச் சுவர், வெள்ளைக் கூரை, சுவரெல்லாம் கலர் கலராக மிட்டாய்.

"இது என்னண்ணே, யாரு வீடு?"

"இஞ்சி ரொட்டி வீடு ஓவர்சியர். வெள்ளைக்காரன் கிறிஸ்துமஸுக்குச் செய்யிறது. அங்க கடைத்தெருவுல கண்ணாடிக்குள்ள வச்சிருப்பான்."

"எதுக்கு வச்சிருப்பான்?"

"பாக்கத்தான். பாத்துட்டுத் திங்கத்தான்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது வருஷமாகக் கட்டடம் கட்டுகிறேன். நான் கட்டிய எதையும் இதுவரை யாரும் தின்னக் கேட்டதில்லை. 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பார்கள். கல்யாணத்தைப் பண்ணிப் பார்த்தாகிவிட்டது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வீடு ஒன்றுதான் பாக்கி. டப்பாவை உடையப்பன் தரவில்லை, உள்ளே பிஸ்கட் இருந்தது. மூடியை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிள்ளைகளைக் கூப்பிட்டு மூடியைக் காட்டினேன். மூத்தவள் சூசைமேரிக்குப் பதினொரு வயது. "கதவு தொறக்குமாப்பா?" என்று கேட்டாள். நடுவன் அருளானந்து, "இடிச்சா யாருக்கு எந்தப் பக்கம்?" என்றான். கடைக்குட்டி ஒன்றும் கேட்கவில்லை. மூடியை நக்கிப் பார்த்தான்.

கடைக்குட்டிக்கு என் மாமனார் பெயர். வியாகுலம். அந்தப் பெயரை வைக்கலாம் என்று ஞானபூரணி சொன்னபோது முதலில் மறுத்தேன். பிறகு யோசித்துப் பார்த்துச் சம்மதித்தேன். மாமனாரை நேரில் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. 'டேய் வியாகுலம், அறிவிருக்கா உனக்கு' என்று தினமும் சத்தமாகக் கேட்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

"நாம இத்தன பெருசாக் கட்டப் போறோம்" என்று கையை விரித்தேன். "ஆனா கிறிஸ்துமஸுக்கு இங்கயே இருந்தாத்தான் திங்க முடியும். ஒக்கூர் போனா எறும்பு தின்னுரும்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரசாரம் வேலை செய்கிறது என்று தெரிந்தது.

ஞானபூரணியிடம் போய் மைதா கேட்டேன். கொடுத்தாள். கருப்பட்டி கேட்டேன். கொடுத்தாள். முட்டை, நெய், இஞ்சி, சுக்கு. எல்லாம் கொடுத்தாள். 'என்னத்துக்கு' என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டதையெல்லாம் கொடுக்கிற மனைவியைக் கண்டால் புருஷன் பயப்பட வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

முதலில் பிளான் போட்டேன். முன்தோற்றம், பக்கத்தோற்றம், குறுக்குவெட்டு. டப்பா மூடியில் இருந்த வீட்டுக்குத் தூண் கிடையாது. காரைக்குடியில் தூண் இல்லாமல் வீடு கட்டினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? முன்பக்கம் நாலு தூண் போட்டேன். கூரைக்குப் பனி வேண்டாம், நம் ஊருக்கு எதற்குப் பனி என்று சீப்புச் சீடையை ஓடாக அடுக்குவதென்று முடிவாயிற்று. ஞானபூரணி பண்டிகைக்குச் சுட்டு வைத்திருந்தாள். வரி வரியாக, வளைந்து, அசல் நாட்டு ஓடு. அந்த யோசனை சூசைமேரியுடையது. என்னுடையது என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன்.

இஞ்சி துருவும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஆளுக்கொரு துண்டைக் கடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். இஞ்சி தின்ன குரங்கை ஒன்றாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். மூன்றாகப் பார்த்தது நான்தான்.

மாவைத் தொழில்முறைப்படி கலந்தேன். ஒன்றுக்கு நாலு. ஒரு பங்கு கருப்பட்டிப் பாகு, நாலு பங்கு மாவு. முற்றத்தில் அடுப்பு மூட்டி, கீழே நெருப்பு, மேலே தாம்பாளத்தில் நெருப்பு, நடுவில் சுவர். வெந்து வந்த சுவரை எடுக்கும்போது கை நழுவிக் கீழே விழுந்தது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்தான் கீறல் விட்டது.

ஞானபூரணி வந்து குனிந்து பார்த்தாள்.

"நல்லா வந்துருக்கு. கொல்லச் சுவரு ஒரு பக்கம் இடிஞ்சு கெடக்கே, அதுக்கு வச்சிருவோமா?"

கலைஞன் பதில் சொல்ல மாட்டான். இரண்டாம் தடவை கலவையை இளக்கினேன். சுவர் அருமையாக வந்தது. நிறுத்தி வைத்தேன், நின்றது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்த நேரத்தில் என் கை செய்த காரியத்தை நான் கவனிக்கவில்லை. இருபது வருஷப் பழக்கம். புதுச்சுவர் எழும்பினால் தண்ணீர் தெளித்து நனைய விட வேண்டும். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து நாலு பக்கமும் சீராகத் தெளித்துவிட்டேன்.

சுவர் கூழாகிப் பலகையில் படுத்தது.

"அப்பா, வீடு அழுகுது" என்றான் சின்ன வியாகுலம்.

அவன் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு ஓட்டு மறந்துபோயிற்று, ஒட்டகம் மறந்துபோயிற்று. என்ன ஆனாலும் இந்தப் பிள்ளைக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று ஒரு வெறி வந்தது. மூன்றாம் தடவை பிசைந்த மாவைத் தட்டுகளில் பரப்பி, நாலு பேரும் தலையில் சுமந்துகொண்டு கோட்டைச்சாமியின் ரொட்டிக்கடைக்குப் போனோம். டீக்கடைகளுக்கெல்லாம் பன்னு போடுகிறவர். மத்தியானத்தில் அடுப்பு சும்மாதான் கிடக்கும்.

கோட்டைச்சாமி தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது என்னங்க ஓவர்சியரு?"

"சுவரு."

"இது?"

"கூரை."

"இது?"

"தூணு. நாலு இருக்கு, பத்திரம்."

கோட்டைச்சாமி தூண் தட்டைக் கீழே வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சிமிட்டி வெல அம்புட்டு ஏறிப்போச்சுங்களா?"

சிரித்தாலும் நல்ல மனுஷர். மிதமான சூட்டில் வைத்து, பக்கத்திலேயே நின்று எடுத்துக் கொடுத்தார். தெரு முழுக்க இஞ்சியும் கருப்பட்டியும் மணந்தன. திரும்பி வரும் வழியில் இரண்டு நாய்கள் எங்களோடு வீடுவரை வந்து குடியேறப் பார்த்தன.

இனி ஒட்ட வேண்டும். நான் பாகு காய்ச்சப் போனேன். ஞானபூரணி தடுத்தாள்.

"பாகு வேணாங்க, ஈரத்துல இளகிரும். பள்ளத்தூர்ல நான் படிக்கிறப்ப சிஸ்டர்மாருக கேக்குக்குப் பூசுவாக. முட்ட வெள்ளக்கருவும் சீனிப்பொடியும் அடிச்சா சுண்ணாம்பு கணக்கா இறுகும்."

சொன்னதோடு நிற்கவில்லை. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அடிக்கவே ஆரம்பித்துவிட்டாள். வெள்ளைவெளேரென்று சாந்து தயாராயிற்று. எதிர்க்கட்சித் தலைவி என் கட்சிக்குப் போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சிக் கொடுக்கிறாள். பாவம், தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

அந்தச் சாயங்காலம் மாதிரி ஒன்று எங்கள் வீட்டில் அதற்கு முன் இருந்ததில்லை. சூசைமேரி ஓடு அடுக்கினாள். அருளானந்து சன்னலுக்குக் கலர் மிட்டாய் பதித்தான். நான் தூக்குக்குண்டு பிடித்து மூலைமட்டம் பார்த்தேன். கடைக்குட்டிக்குக் காவல் வேலை கொடுத்தேன். அதுதான் பிசகு. திரும்பிப் பார்த்தால் பின்சுவரில் பாதியைக் காணோம்.

'உண்ட வீட்டுக்கு ரெண்டகம்' என்பார்கள். இவன் வீட்டையே உண்டவன்.

"டேய் வியாகுலம்" என்று கத்தினேன். "திருட்டுப் பயலே. சுவத்தத் தின்னது நீதான?"

அடுப்படியிலிருந்து ஞானபூரணியின் குரல் வந்தது.

"எங்கப்பாவையா கேக்குறீக?"

"உன் மகனக் கேட்டேன்."

"பேரச் சொன்னீக, அதான் கேட்டேன்."

பின்சுவரை மீந்த ரொட்டியால் ஒட்டுப்போட்டோம். வீடு நிமிர்ந்து நின்றது. நாலு தூண், சீப்புச் சீடைக் கூரை, திறந்து மூடும் கதவு, சுற்றிலும் மணகோலம் என்கிற முறுக்குத் துண்டுகளால் காம்பவுண்டுச் சுவர். ஒரு முக்காலியின் மேல் வைத்து, முக்காலியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன். எறும்புக்கு அகழி. என் வாழ்நாளில் ஒரு விரிசல் இல்லாமல் நான் முடித்த முதல் கட்டடம் அது.

சூடு ஆறுமுன் ஓட்டெடுப்பை வைத்துவிட்டேன்.

"கிறிஸ்துமஸுக்கு ஒக்கூர் போகணும்ங்குறவுக கை தூக்குங்க."

ஞானபூரணி மட்டும் தூக்கினாள்.

"இங்கயே இருக்கணும்ங்குறவுக?"

மூன்று பிள்ளைகளின் கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின. கடைக்குட்டி இரண்டு கையையும் தூக்கினான். கள்ள ஓட்டு என்று ஒன்றைக் கழித்துவிட்டேன். அப்படியும் நாலுக்கு ஒன்று.

"சரி" என்றாள் ஞானபூரணி. "பெரும்பான்மை சொன்னாக் கேக்க வேண்டியதுதான்." போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். ஒரு பெருமூச்சுக்கூட இல்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஜெயித்தவனுக்கு எதிராளி சற்று வாடி நின்றால்தானே ருசி.

மறுநாள் வீட்டை ஊருக்குக் காட்டினேன். உடையப்பன் வந்தார். சுற்றிப் பார்த்தார். "பினாங்குல இதவிடப் பெருசா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மூடியை வாங்கிக்கொண்டு போனார். கோட்டைச்சாமி வந்தார். உதிர்ந்து கிடந்த துணுக்கை வாயில் போட்டுப் பார்த்து, "சோடா உப்பு ஒரு சிட்டிக கூட" என்றார். பால் ஊற்ற வந்த காளியாயி நின்று பார்த்தாள். "நல்லாருக்குங்க. ஆனா கழிவுத் தண்ணி போக வழி விடலயே" என்றாள்.

தூண் வைத்ததை ஒருவரும் சொல்லவில்லை. சீப்புச் சீடையை ஒருவரும் கவனிக்கவில்லை. முக்காலிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நானே என் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த ஞானபூரணி மெதுவாகச் சொன்னாள்.

"இதோட அருமையெல்லாம் எங்கப்பாவுக்குத்தான் தெரியும். கைவேலைன்னா அவுகளுக்கு உசுரு."

"ம்."

"பாத்தா அசந்து போவாக. ஆனா அவுகளுக்கும் இந்த வருசம் அசந்து போக வேற இருக்கு."

"என்ன இருக்கு?"

"தங்கச்சி வீட்டுக்காரரு மிக்கேல், கோயில்ல வைக்கிற கிறிஸ்துமஸ் குடிலுக்கு அருவி வைக்கிறாராம்ல."

"அருவியா?"

"ஆமா. ஆஸ்பத்திரிக் குளுக்கோசு பாட்டிலு, ரப்பர் குழாயி. மலையில இருந்து தண்ணி கொட்டிக்கிட்டே இருக்குமாம். ஒக்கூரே அதத்தான் பேசுதாம். 'மருமகன்கள்லயே மூளக்காரரு மிக்கேல்தான்'னு அப்பா சொன்னாகளாம்."

"யாரு வந்து சொன்னது?"

"பஸ்ஸுல வந்தவுக யாரோ. அதெல்லாம் எதுக்கு நமக்கு? நாமதான் போகலியே."

ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

குளுக்கோஸ் பாட்டில். நோயாளிக்கு ஏற்ற வேண்டியதைக் குடிலுக்கு ஏற்றிவிட்டு மூளைக்காரராம். நான் வீடு கட்டியிருக்கிறேன். அஸ்திவாரத்தோடு, தூணோடு, காம்பவுண்டோடு. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னேன்.

"ஞானம், நாம வேணும்னா ஒக்கூர் ஒரு எட்டுப் போயிட்டு வந்தா என்ன?"

"அதெப்படிங்க? ஓட்டெடுத்தாச்சு."

"எடுத்தா என்ன? மறுபடி எடுப்போம்."

"நல்லாருக்கு. சனங்க சொன்னதுக்குக் கட்டுப்படுவேன்னு சொன்னது நீங்க. புள்ளைக மனச மாத்தலாமா? நான் வரல."

ஆக, என் மாமனார் வீட்டுக்கு நான் போவதற்கு என் மனைவியிடம் நான் கெஞ்சும் நிலைமை வந்தது. பிள்ளைகளைக் கூட்டினேன். இரண்டாம் பிரசாரம். ஒக்கூரின் ஆட்டுக்குட்டியைப் புகழ்ந்தேன். ஒக்கூரின் காற்றைப் புகழ்ந்தேன். தாத்தாவின் சட்டைப் பையைப் புகழ்ந்தேன்.

"நீங்கதானப்பா இங்கயே இருக்கணும்னீக?" என்றாள் சூசைமேரி.

"எறும்பு தின்னுரும்னீக?" என்றான் அருளானந்து.

"வீட்டையும் கையோட கொண்டு போவோம்டா."

மூவரும் ரொம்ப நேரம் யோசித்தார்கள். அப்பாவின் மனசு நோகக் கூடாதே என்பதுபோல் கடைசியில் தலையாட்டினார்கள். ஞானபூரணி மட்டும் இறங்கி வரவில்லை.

"சரி, நீங்க இம்புட்டுத் தூரம் கூப்புடுறீக, நான் வாரேன். ஆனா நாளைக்கு என்னயச் சொல்லக் கூடாது. நான் கூப்புடல."

"நீ கூப்பிடல."

"நீங்கதான் கூட்டிப் போறீக."

"நாந்தான் கூட்டிப் போறேன்."

"புள்ளைகளா, அப்பா சொன்னதக் கேட்டுக்கிட்டீகளா?"

கேட்டுக்கொண்டார்கள்.

காரைக்குடியிலிருந்து ஒக்கூர்வரை அந்த வீடு என் மடியில் வந்தது. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"மடியில என்னங்க?"

"வீடு."

"லக்கேஜ் போடணுமே."

"லக்கேஜ் இல்லங்க, வீடு."

பஸ் முழுக்க அதுதான் பேச்சு. ஒருவர் வாசல் கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும் என்றார். பஸ் வளைவில் திரும்பியதும், 'இப்ப சரியா இருக்கு' என்றார். பக்கத்து சீட்டு அம்மாளின் கூடைக்குள் இருந்த கோழி தலையை நீட்டி ஒரு தூணைக் கொத்திவிட்டது. எழுந்து நிற்கவும் முடியாமல், கோழியைத் திட்டவும் முடியாமல், பள்ளம் வந்தபோதெல்லாம் நானே ஒரு ஸ்பிரிங் மாதிரி ஏறி இறங்கி, வேறு சேதாரம் இல்லாமல் கொண்டு சேர்த்தேன்.

மாமனார் வாசலுக்கே வந்துவிட்டார். முக்காலியில் வைத்துத் துணியை விலக்கினேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். குனிந்து கதவைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"மாப்பிள்ளை, இது சீப்புச் சீடையா?"

"ஆமா மாமா. ஓடு."

"தூணு நாலும்?"

"ரொட்டிதான்."

நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "எங்க ஞானம் குடுத்து வச்சவ" என்றார். பத்து வருஷத்துக்கு மேலாகப் பின்னால் குனிந்து நின்றதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் எனக்கு மறந்துபோயிற்று.

குடிலில் மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்திலேயே வீட்டை வைக்கச் சொன்னார். தொழுவத்தில் பிறந்த பாலனுக்குப் பக்கத்தில் காரைக்குடித் தூண் வைத்த வீடு. சாயங்காலம் ஊர்ச் சனம் எல்லாம் அங்கேதான் நின்றது. மிக்கேலின் அருவியும் கொட்டத்தான் செய்தது. நிறுத்தத்தான் வழி தெரியவில்லை. வைக்கோல் நனைந்து, களிமண் ஆடு இரண்டு கரைந்து, மிக்கேல் குடிலுக்குள் படுத்துக் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டே கிடந்தார். எனக்கு அவர்மேல் முதல்தடவையாகப் பிரியம் வந்தது.

"ஒட்டகத்துக்கு நேரமாச்சே மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

"மாமா, நான் வந்துட்டா வீட்ட யாரு பாப்பா? ஆடு மேஞ்சுருமே."

அவர் வீட்டைப் பார்த்தார். மிக்கேலின் காலைப் பார்த்தார்.

"அதுவும் சரிதான். ராசாக்க நடந்தே வரட்டும்."

மூன்று ராஜாக்களும் நடந்தே வந்தார்கள். நான் நிமிர்ந்து நின்று முழு நாடகத்தையும் பார்த்தேன். நல்ல நாடகம். எனக்கு அதுவரை கதையே தெரியாது.

மறுநாள் பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்ததும் மாமனார் கையாலேயே வீட்டை உடைக்கச் சொன்னேன். மிக்கேலுக்கு ஒரு தூணை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். கடைக்குட்டி தன் பங்குக் கூரையோடு என் மடியில் ஏறிக்கொண்டான். எனக்கு மனசு நிறைந்திருந்தது. நானாக முடிவெடுத்தேன், நானாக வந்தேன், ஊர் மெச்ச நிற்கிறேன். எதிரே ஞானபூரணி தன் அம்மாவோடு உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் இருந்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா" என்று மகனிடம் கேட்டேன். "அன்னைக்கு இங்கயே இருப்போம்னு ரெண்டு கையத் தூக்குனியே. இப்ப எப்படி இருக்கு ஒக்கூரு?"

"நல்லாருக்கு."

"அப்பா உன்னயக் கூட்டியாந்தது நல்லதாப் போச்சுல்ல?"

"அம்மாதான் சொன்னுச்சு."

"என்ன சொன்னுச்சு?"

"எல்லாரும் இங்கயே இருப்போம்னு கையத் தூக்குங்க, அப்பத்தான் அப்பா தன்னால ஒக்கூருக்குக் கூட்டிப் போவாகன்னு."

நான் ஞானபூரணியைப் பார்த்தேன். அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மூணு பேருட்டயும் சொன்னுச்சாடா?"

"ம்."

நான் ஒரு வீட்டையே கட்டிக் கொடுத்தேன். தூண் வைத்து, ஓடு வேய்ந்து, அகழி வெட்டி. எதிராளி எவ்வளவு செலவழித்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அதுக்கு அம்மா உங்களுக்கு என்னடா குடுத்துச்சு?"

வியாகுலம் வாயிலிருந்த ஓட்டை மென்று விழுங்கினான்.

"ஒண்ணும் குடுக்கல. அம்மா சொன்னாக் கேக்கணும்ல?"